அரசுப் பள்ளி ஆசிரியர் சட்டமன்றத்துக்குப் போட்டியிட வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது?

மயிலம்_டீச்சர் கேட்கிறார்:

வணக்கம். நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. 2009இல் பணியில் சேர்ந்தேன், வயது 43. பள்ளி இருப்பது வானூர் தொகுதியில், வீடும் ஓட்டும் மயிலம் தொகுதியில்.

எங்கள் பள்ளியைச் சுற்றி இருளர் குடியிருப்புகள் நிறைய. எட்டாம் வகுப்பு வரை ஒரு நாள் தவறாமல் வந்த பிள்ளை, பழங்குடிச் சான்றிதழ் கிடைக்காததால் உதவித்தொகைக்கும் விடுதிக்கும் வழியில்லாமல், ஒன்பதாம் வகுப்பில் அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விடும். போன பிள்ளையைத் தேடிப் போய்க் கூட்டி வருவது, சான்றிதழுக்கு மனு எழுதுவது, விசாரணைக்கு வரும் அலுவலர் முன்னால் அந்தக் குடும்பத்தோடு போய் நிற்பது, இதுதான் பல வருடமாகப் பள்ளி நேரம் போக என் வேலை. ஆசிரியர் சங்கத்திலும் பொறுப்பில் இருக்கிறேன். மறியலில் கைதாகி மண்டபத்தில் உட்கார வைத்து மாலையில் விட்டிருக்கிறார்கள், ஒரு வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது, ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) மெமோ ஒன்றும் முடிவு தெரியாமல் கிடக்கிறது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக மனு எழுதி எழுதி ஓய்ந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், எழுதிக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் அந்த நடைமுறையை மாற்றும்படி அமைச்சரை எழுந்து நின்று கேட்கக்கூடிய இடம் சட்டமன்றம்தான். இதை யோசித்துத்தான் அடுத்த தேர்தலில் நிற்கலாமா என்று பார்க்கிறேன். வேலையை எப்போது விட வேண்டும், விடாமல் நிற்க வழி உண்டா, மெமோவும் வழக்கும் தடையாகுமா, கட்சியா சுயேச்சையா? உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும். "டீச்சருக்கு எதுக்கும்மா அரசியல்" என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது, அந்தப் பதில் வேண்டாம்.

தேர்தல்_பிரிவு_ஓய்வு எழுதுகிறார்:

அம்மா, வருவாய்த் துறையில் இருந்து பல தேர்தல்களில் வேட்புமனு மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அரசுப் பணியில் இருந்துகொண்டு நிற்க முடியாது. அரசியலமைப்பின் 191வது பிரிவு, ஆதாயம் தரும் பதவி. ஆசிரியர் வேலை அதில் சந்தேகமே இல்லாமல் வரும். "விடுப்பு எடுத்துக்கொண்டு நிற்கிறேன், தோற்றால் திரும்பி வருகிறேன்" என்று சிலர் கேட்பார்கள், அதற்கும் வழியில்லை.

எல்லாரும் கோட்டை விடுகிற இடம் தேதி. ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் போதாது, அது ஏற்கப்பட்ட ஆணை உங்கள் கையில் இருக்க வேண்டும். எந்த நாளுக்குள் என்றால் மனு பரிசீலனை நாளுக்குள். 2021 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 12 அறிவிக்கை, 19 மனு தாக்கலுக்குக் கடைசி நாள், 20 பரிசீலனை, ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. அறிவிக்கை வந்த பிறகு ராஜினாமாவைப் பற்றி யோசித்தால் எட்டு நாளில் எந்த அலுவலகமும் கோப்பை நகர்த்தாது. ராஜினாமாவுக்கு மூன்று மாத முன்னறிவிப்பு என்று கணக்கு வைத்தால் முந்தைய டிசம்பருக்குள் கடிதம் போயிருக்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆகஸ்டிலேயே கொடுப்பேன்.

விருப்ப ஓய்வு உங்களுக்குப் பொருந்தாது. 50 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது 20 வருடம் தகுதியான பணி முடித்திருக்க வேண்டும். 2009இல் சேர்ந்தவருக்கு 2029இல்தான் அது. அதனால் ராஜினாமா மட்டும்தான். 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால் நீங்கள் சி.பி.எஸ். எனப்படும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டக் கணக்கில் இருப்பீர்கள். உங்கள் பிடித்தமும் அரசுப் பங்கும் எவ்வளவு நிற்கிறது என்று இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அடுத்தது 17(பி). இதுதான் எனக்குக் கவலை. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது ராஜினாமாவை ஏற்காமல் நிறுத்தி வைப்பார்கள். 2023இல் மத்தியப் பிரதேசத்தில் நிஷா பாங்ரே என்ற துணை ஆட்சியருக்கு நடந்ததைப் படித்துப் பாருங்கள். ஜூன் மாதமே ராஜினாமா கொடுத்தார், ஆம்லா தொகுதியில் நிற்பதாக இருந்தார், அரசு ஏற்கவில்லை, நடைப்பயணம் போனார், நீதிமன்றம் போனார். அக்டோபரில் ஏற்கப்பட்டபோது கட்சி அந்தத் தொகுதிக்கு வேறு ஆளை அறிவித்துவிட்டது. ஆகவே முதல் வேலை மெமோவுக்கு விளக்கம் கொடுத்து, விசாரணையை முடித்து, இறுதி ஆணை வாங்குவது. கோபத்தில் அவர்களே உங்களைப் பணிநீக்கம் செய்யும்படி விட்டுவிடாதீர்கள். பணிநீக்கம் ஆகி ஐந்து வருடத்துக்குள் நிற்பவர், ஊழலுக்காகவோ அரசுக்கு விசுவாசமின்மைக்காகவோ நீக்கப்படவில்லை என்று தேர்தல் ஆணையத்திடம் சான்று வாங்கி மனுவோடு இணைக்க வேண்டும். அது இல்லாமல் வந்த மனு தள்ளுபடிதான்.

மறியல் வழக்கு நிலுவையில் இருப்பது தடை இல்லை. இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை வந்தால்தான் தகுதி போகும். (சில குறிப்பிட்ட குற்றங்களுக்கு அபராதம் மட்டுமே விதித்தாலும் போகும், சாலை மறியல் அந்தப் பட்டியலில் இல்லை.) ஆனால் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் குற்ற எண், காவல் நிலையம், பிரிவு எல்லாவற்றையும் எழுத வேண்டும். அதோடு அந்த வழக்கைப் பற்றிப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை நீங்களே விளம்பரம் கொடுக்க வேண்டும், அந்தச் செலவும் உங்கள் தேர்தல் கணக்கில் ஏறும்.

இன்னொன்று. வானூர் தனித்தொகுதி, திண்டிவனமும் தனி. நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இல்லாவிட்டால் அங்கே நிற்க முடியாது. மயிலம் பொதுத் தொகுதி.

2003_மறக்காதவன் எழுதுகிறார்:

தோழர், மேலே சார் சொன்னது அத்தனையும் சரி. நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் வேலையை விட்டுத் தூக்கினார்கள். அதில் நானும் ஒருவன். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமையே இல்லை என்றது. அந்த வாரங்களில் எங்களோடு நின்றது சங்கம். எந்த எம்.எல்.ஏ. வீட்டு வாசலிலும் நாங்கள் போய் நின்றதில்லை. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ நடத்திய போராட்டத்திலும் கைது, சஸ்பெண்ட், மெமோ என்று எத்தனை பேர். வெளியே நின்று போராடுகிற ஆளின் பலம் தனி. உள்ளே போனவர் கொறடா சொல்கிறபடி கை தூக்க வேண்டும். கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கட்சிச் சின்னத்தில் ஜெயித்தவர் கட்சி முடிவுக்கு எதிராக வாக்களித்தால் பதவியே போகும். இருளர் பிள்ளைகளுக்காக நீங்கள் பேச நினைப்பதை உங்கள் கட்சியே பேசாதே என்றால் என்ன செய்வீர்கள்?

உங்கள் ஊர்ப் பக்கமே பாருங்கள். திண்டிவனம் பேராசிரியர் பிரபா கல்விமணி. கல்லூரி ஆசிரியர், பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டியவர். இருளர் மக்கள் காவல் நிலையத்தில் அடிபட்டபோது, பொய் வழக்கில் சிக்கியபோது, சான்றிதழுக்கு அலைந்தபோது கூட நின்றார். அதற்குச் சட்டமன்றப் பதவி தேவைப்படவில்லை.

16 வருடம் உண்ணாவிரதம் இருந்த இரோம் ஷர்மிளா 2017இல் மணிப்பூரில் தௌபால் தொகுதியில் நின்றார். முதலமைச்சரை எதிர்த்து நின்றார் என்பது உண்மைதான், ஆனால் கிடைத்தது 90 வாக்கு. மக்கள் நன்றி கெட்டவர்கள் என்று அர்த்தம் இல்லை. நல்லவர் என்று மதிப்பது ஒரு கணக்கு, நாளைக்குத் தாசில்தார் ஆபீசில் வேலை ஆக வேண்டும் என்பதற்காக ஓட்டுப் போடுவது இன்னொரு கணக்கு.

மயிலம்_டீச்சர்:

சார், தோழர், இருவருக்கும் நன்றி. 17(பி) விஷயம் இவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. நான் பிற்படுத்தப்பட்ட வகுப்பு, ஆகவே மயிலம் மட்டும்தான்.

தோழர், கல்விமணி அய்யாவை எங்கள் பக்கம் தெரியாதவர் இல்லை. ஆனால் அவர் காலத்திலிருந்து இன்றுவரை அதே சான்றிதழுக்கு அதே அலைச்சல் இருக்கிறதே, அதுதான் என்னைத் தள்ளுகிறது. வெளியே நிற்கிறவர்களும் வேண்டும், உள்ளேயும் ஒருவராவது வேண்டும் என்று நினைக்கிறேன். கொறடா பற்றிக் கேட்டீர்கள். வாக்கெடுப்புக்குத்தான் கொறடா. கேள்வி நேரத்தில் சான்றிதழ் பற்றிக் கேட்பதற்கும் மானியக் கோரிக்கையில் ஆதிதிராவிடர் பழங்குடியினர் நலத்துறை மீது பேசுவதற்கும் அது வராது. சபையில் இதைப் பேச விடாத கட்சி என்றால் அதில் சேரவே மாட்டேன்.

ஒன்றியக்_கவுன்சிலர் எழுதுகிறார்:

டீச்சர், நான் தனியார் பள்ளியில் பத்து வருடத்துக்கு மேல் கணக்கு நடத்திவிட்டு ஊராட்சி ஒன்றிய வார்டுக்கு நின்று ஜெயித்தவள், இந்த மாவட்டம் இல்லை. சட்டமன்றம் வரை நான் போகவில்லை, ஆனால் இரண்டு சட்டமன்றத் தேர்தலில் பூத் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் நிலைமையில் பெரிய சிக்கல் மெமோ இல்லை. நீங்கள் வேலை செய்த மக்கள் வானூரில், நீங்கள் நிற்கப் போவது மயிலத்தில். சங்கத்தில் உங்கள் பெயர் மாவட்டம் முழுக்கத் தெரிந்திருக்கலாம், சென்னையில்கூடத் தெரிந்திருக்கலாம், ஆனால் அந்த ஆசிரியர்களுக்கெல்லாம் ஓட்டு எங்கெங்கோ இருக்கிறது. சுயேச்சையாக நின்றால் மனுவில் முன்மொழிகிற பத்துப் பேரும் மயிலம் வாக்காளர்களாக இருக்க வேண்டும் (அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் ஒருவர் போதும்). இப்போதே கண்ணை மூடி யோசித்துப் பாருங்கள், மயிலத்தில் உங்களுக்காகத் துணிந்து கையெழுத்துப் போடும் பத்துப் பேர் யார், அவர்கள் எந்தெந்தக் கிராமம். ஒரே தெருவில் பத்துப் பேரும் இருந்தால் நீங்கள் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

சுயேச்சை பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். 2016, 2021 இரண்டு பொதுத் தேர்தலிலும் தமிழ்நாட்டில் ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கவில்லை. இடையில் 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ஒன்றுதான், அதுவும் பெரிய கட்சியிலிருந்து பிரிந்து வந்தவர். டெபாசிட் பொதுப் பிரிவுக்கு 10,000 ரூபாய், அது திரும்பி வர செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். 1,80,000 வாக்கு விழுந்தால் 30,000க்கு மேல். செலவு உச்சவரம்பு 40 லட்சம் என்று 2022இல் உயர்த்தினார்கள். உங்களால் அதில் பத்தில் ஒரு பங்கு திரட்ட முடியுமா பாருங்கள். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும், முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தோற்றுப் போனவர்கள் சலித்துப் போய் இதை விட்டுவிடுவார்கள், அப்புறம் மூன்று வருடம் நிற்கவே முடியாமல் போகும்.

கட்சி என்றால் இன்னொரு வேலை. மகளிர் ஒதுக்கீடு சட்டமன்றத்துக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, 2023இல் சட்டத்திருத்தம் நிறைவேறியதோடு நிற்கிறது. 2021இல் 234 பேரில் 12 பேர்தான் பெண்கள். பொதுத் தொகுதியில் ஒரு பெண்ணுக்கு, அதிலும் கட்சிக்குப் புதிதாக வந்தவருக்கு சீட் கொடுப்பது அபூர்வம். மாவட்டச் செயலாளர் முதலில் கேட்பது "எவ்வளவு செலவு பண்ணுவீங்க". அதற்குப் பதிலாக உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். பூத் வாரியாக ஆள் பட்டியல் இருந்தால் அவரே உட்காரச் சொல்லிப் பேசுவார், இதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு நோட்டு, பூத்துக்கு ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் நாலு பெயர், போன் நம்பர், அந்த ஊரின் ஒரு பிரச்சினை. எங்கள் பக்கம் ஒரு வேட்பாளர் வைத்திருந்த நோட்டில் "இந்தத் தெருவில் காலை 7 மணிக்கு முன்னால் போனால்தான் ஆள் இருக்கும், எல்லாரும் கரும்பு வெட்டப் போய்விடுவார்கள்" என்பதுவரை எழுதியிருந்தது.

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம். முதலில் மயிலம் பக்கம் மாவட்ட ஊராட்சி வார்டு ஒன்றில் நில்லுங்கள். வேலையை அதற்கும் விட்டுத்தான் ஆக வேண்டும், அதை மறைக்கவில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். வானூர்ப் பக்கம் நீங்கள் படிக்க வைத்த இருளர் பிள்ளைகளில் 21 வயது தாண்டியவர்கள் இப்போது இருப்பார்கள் இல்லையா? அவர்களில் ஒரு பெண் ஊராட்சி வார்டு உறுப்பினராக நின்றால் நீங்கள் போக முடியாத தொகுதியில் உங்கள் வேலை தொடரும்.

ஆவணக்காப்பகம்_வாசகர் எழுதுகிறார்:

சரித்திரப் பக்கமிருந்து கொஞ்சம். ஆசிரியர்களுக்கென்றே சட்டமன்றத்தில் இடம் இருந்த காலம் தமிழ்நாட்டில் உண்டு. மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு உறுப்பினர்களை உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனங்களில் மூன்று வருடமாவது பணியாற்றிய ஆசிரியர்களே தேர்ந்தெடுப்பார்கள், 171வது பிரிவு. 1986 நவம்பர் 1 முதல் இங்கே மேலவை இல்லை. 2010இல் மீண்டும் கொண்டுவரச் சட்டம் நிறைவேறி, ஆட்சி மாறியதும் நின்றுபோனது. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், பீகார், உத்தரப்பிரதேசம் ஆறிலும் அந்த வழி இன்றும் திறந்திருக்கிறது. நம் ஆசிரியர் சங்கங்கள் இதை ஒரு கோரிக்கையாகவே எடுக்காதது எனக்குப் புரியவில்லை.

கேரளத்தில் கே.கே. ஷைலஜா பள்ளி ஆசிரியை. 1996இல் கூத்துப்பறம்பில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார், பள்ளிப் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றது 2004இல்தான். அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு அங்கே சட்டம் இடம் கொடுத்திருந்தது. அதைப் பார்த்து நமக்கும் உண்டு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

2003_மறக்காதவன் அய்யா கேட்ட கேள்விக்கு எம்.சி. ராஜாவின் வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது. சென்னையில் பள்ளி ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர், ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளர். 1920 தேர்தலுக்குப் பிறகு அமைந்த சென்னை மாகாண சட்டசபைக்கு நீதிக்கட்சிக்காரராகப் போனார். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்ற தீர்மானம் 1922இல் நிறைவேறியது அவர் முயற்சியால். ஆனால் 1921 பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது சொந்தக் கட்சித் தலைவர்களே ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் மீது பழி போட்டார்கள். அவர் எதிர்த்தார், 1923இல் கட்சியை விட்டே வெளியேறினார். கட்சியோடு மோதல் வரும் என்று அய்யா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அந்தத் தீர்மானம் சபைக்குள் ஓர் ஆள் இருந்ததால்தான் வந்தது.

2003_மறக்காதவன்:

ராஜா விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் வெளியேறிய பிறகும் நிற்க அவருக்கென்று ஆதிதிராவிட மகாஜன சபை இருந்தது. தோழர், நீங்கள் போவதாக முடிவு செய்தால் சங்கப் பொறுப்பை இன்னொருவருக்குப் பழக்கிவிட்டுப் போங்கள். 17(பி) விளக்கம் எழுதும்போது வரைவை இங்கே போடாதீர்கள், எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், இதுபோல் நிறைய எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மயிலம்_டீச்சர்:

அனுப்புகிறேன் தோழர். கவுன்சிலர் அக்கா, பத்துப் பேர் கேள்வியை நேற்று இரவு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். ஏழு பெயர் வந்தது, அதில் ஐந்து பேர் ஒரே ஊர். ஆகவே வரும் சட்டமன்றத் தேர்தல் எனக்கு இல்லை, உள்ளாட்சியிலிருந்து தொடங்குகிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதி முடிக்கும்வரை பள்ளியை விட்டு வர மனம் வராது, அதற்குள் மெமோவை முடித்துவிடலாம். வார்டு உறுப்பினர் யோசனை எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. எங்கள் பள்ளியில் படித்த இருளர் பெண் ஒருத்தி செவிலியர் உதவியாளர் பயிற்சி முடித்து ஊரிலேயே இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசப் போகிறேன். ஊராட்சி வார்டில் பழங்குடிக்கான சுழற்சி ஒதுக்கீடு எப்படி முடிவாகிறது, அந்தப் பட்டியலை எந்த அலுவலகத்தில் பார்க்கலாம் என்று தேர்தல் பிரிவு சார் சொல்ல முடியுமா?